‘சர்ஜ்’ என்ற ஆங்கிலச் சொல்: பொருளும் பயன்பாடும், படிப்படியாக ஒரு முழுமையான வழிகாட்டி

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு புயல் நாளில், செய்தி மேசையில் உட்கார்ந்து வானிலை அறிக்கையைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். ‘ஸ்டார்ம் சர்ஜ்’ ஒரு மீட்டர் இருக்கும் என்று அறிக்கை சொன்னது. யோசிக்க நேரமில்லை. ‘கடலில் ஒரு மீட்டர் உயரத்துக்கு அலைகள் எழும்பும்’ என்று எழுதி அச்சுக்கு அனுப்பிவிட்டேன். மறுநாள் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு மீனவப் பெரியவர் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். “தம்பி, ஒரு மீட்டர் அலைக்கெல்லாம் நாங்கள் படகைக்கூடக் கரையேற்ற மாட்டோம். நீங்கள் எழுதியது அலை. அலை வரும், போகும். புயலுக்குத் தண்ணீர் ஏறும், ஏறி நிற்கும். இரண்டும் ஒன்றா?”

ஒன்றில்லைதான். ‘சர்ஜ்’ என்ற சொல்லுக்கு எந்த அகராதியைப் புரட்டினாலும் ‘திடீர் உயர்வு’ என்று கிடைக்கும். அது தப்பில்லை, பாதிதான் சரி. அந்தப் பெரியவர் சொன்ன ‘ஏறி நிற்கும்’ என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது. ஆங்கிலச் செய்தி படிப்பவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் என்று பலரும் இந்தச் சொல்லோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்காக, நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: காதில் விழுவதைச் சரிசெய்துகொள்ளுங்கள்

‘எஸ், யு, ஆர், ஜி, இ’ என்ற எழுத்துகளில் ‘யு’ இருப்பதால் பலர் ‘சுர்ஜ்’ என்கிறார்கள். ‘நர்ஸ்’, ‘டர்ன்’ ஆகிய சொற்களிலும் அதே எழுத்துதான் இருக்கிறது. அவற்றை எப்படிச் சொல்கிறோமோ அப்படியே ‘சர்ஜ்’. தொடக்கத்தில் வருவது பல்லை ஒட்டிய மெல்லிய ‘ஸ’ ஒலி, ‘ச்ச’ என்று அழுத்த வேண்டாம்.

நம் ஊரில் பெரிய குழப்பம் இதை ‘சார்ஜ்’ என்று கேட்பதுதான். கார் வாடகைச் செயலியில் கட்டணம் ஏறியிருப்பதைப் பார்த்துவிட்டு என் உறவினர் ஒருவர், “அது என்ன தனியாக ஒரு சார்ஜ்?” என்று ஓட்டுநரிடம் சண்டைக்குப் போனார். ‘சார்ஜ்’ என்றால் கட்டணம், ‘சர்ஜ்’ என்றால் ஏற்றம். போதாக்குறைக்கு வருமான வரியில் ‘சர்சார்ஜ்’ வேறு இருக்கிறது. அது கூடுதல் வரி. அதன் முன்னால் நிற்கும் ‘சர்’ பிரெஞ்சிலிருந்து வந்தது, ‘மேல்’ என்று பொருள். நம் ‘சர்ஜ்’ வந்த வழியே வேறு.

இரண்டாம் படி: வேரைப் பாருங்கள்

‘சுர்கெரே’ என்ற லத்தீன் வினைச்சொல்தான் மூலம். ‘எழுதல்’ என்று பொருள். அந்தச் சொல்லையும் பிரித்தால், ‘கீழிருந்து’ என்ற பொருள் தரும் முன்னொட்டும், ‘நேராக்கு, நடத்து’ என்ற பொருள் தரும் வினையும் கிடைக்கின்றன. அதாவது கீழேயிருந்து ஒன்று மேல்நோக்கி நிமிர்வது.

இது ஆங்கிலத்துக்குள் வந்தபோது பங்குச் சந்தையும் இல்லை, மின்சாரமும் இல்லை. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஊற்று, நீரோட்டம் என்ற பொருளில் நுழைந்து, அடுத்த நூற்றாண்டில் கடலின் உருண்டு திரளும் பேரலைக்குப் பெயரானது. விலை, கூட்டம், கோபம் எல்லாம் பிறகு ஏறிக்கொண்டவை. சொல்லுக்குள் இன்றும் கடல் இருக்கிறது. அதனால்தான் ஒரே ஒரு புள்ளி மட்டும் எம்பிக் குதிப்பதற்கு இந்தச் சொல் பொருந்துவதில்லை. பின்னால் ஒரு பெருந்திரள் இருக்க வேண்டும், அதை ஏதோ ஒரு விசை கீழிருந்து தள்ள வேண்டும்.

அதே வேரிலிருந்து ஒரு குடும்பமே பிறந்திருக்கிறது. ஊற்றுக்கண் என்ற பொருள்படும் ‘சோர்ஸ்’, வளத்தைக் குறிக்கும் ‘ரிசோர்ஸ்’, உயிர்த்தெழுதலைக் குறிக்கும் ‘ரெசரெக்‌ஷன்’, அடங்கிக் கிடந்தது மீண்டும் தலைதூக்குவதைக் குறிக்கும் ‘ரிசர்ஜன்ஸ்’, ஆயுதம் ஏந்தி எழுந்த கிளர்ச்சியாளரைக் குறிக்கும் ‘இன்சர்ஜென்ட்’ எல்லாம் உடன்பிறப்புகள். ஆனால் ‘சர்ஜன்’ இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை. அறுவை மருத்துவரின் பெயர் ‘கைத்தொழில்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முகச் சாயல் மட்டும்தான் ஒன்று.

தமிழில் ‘எழு’ என்ற வினை இதற்கு எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்று பாருங்கள். ஆள் எழுகிறான், ஞாயிறு எழுகிறது, அலை எழுகிறது, ஊரே திரண்டு எழுகிறது.

மூன்றாம் படி: பக்கத்துச் சொற்களோடு நிறுத்திப் பாருங்கள்

உயர்வைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு கூடை நிறையச் சொற்கள் உண்டு. அவற்றைத் தாளில் வரையும் கோடாக நினைத்துக்கொள்வது எனக்கு உதவியது. ‘ரைஸ்’ என்பது சும்மா உயர்வு, கோடு எப்படி இருந்தாலும் செல்லும். ‘ஜம்ப்’ ஒரே ஒரு படி தாவுவது. ‘சோர்’ பருந்து போல உயர்ந்து அங்கேயே மிதப்பது. ‘அப்டிக்’ கண்ணுக்குத் தெரியாத அளவுச் சின்ன ஏற்றம். ‘பூம்’ மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் நீடிக்கும் செழிப்பு.

உண்மையான போட்டி ‘ஸ்பைக்’ என்ற சொல்லோடுதான். ‘ஸ்பைக்’ என்றால் ஆணி, முள். கோடு செங்குத்தாக ஏறி அதே வேகத்தில் இறங்கி முள் போல நிற்கும். ‘சர்ஜ்’ வெள்ளம் போல, அகலமாகத் திரண்டு ஏறும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. அந்த வாரங்களில் ஆங்கில நாளிதழ்கள் ‘சர்ஜ்’ என்று எழுதியது நியாயம்தான். செப்டம்பருக்குள் விலை சரிந்து விவசாயிகள் தலையில் கை வைத்தார்கள். இப்போது அந்த ஆண்டின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அங்கே நிற்பது ஒரு முள். என் கணக்கில், ஏறிக்கொண்டிருக்கும்போது ‘ஸ்பைக்’ என்று அடித்துச் சொல்வது கொஞ்சம் ஜோசியம். இறங்கிய பிறகுதான் அது முள் என்று தெரியும். ஆங்கில நாளிதழ்கள் இதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. நாம் பார்த்தால் குறைந்துபோக மாட்டோம்.

எத்தனை சதவீதம் ஏறினால் ‘சர்ஜ்’ என்று மாணவர்கள் கேட்பதுண்டு. அப்படி ஒரு எல்லைக்கோடு கிடையாது. அந்தப் பொருள் வழக்கமாக எவ்வளவு அசையும் என்பதே அளவுகோல். தக்காளி 3 சதவீதம் ஏறினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். 2024 ஜூன் 3 அன்று, வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்புகள் வெளியானதற்கு அடுத்த வேலை நாளில், சென்செக்ஸ் ஒரே நாளில் 2,500 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. அது சுமார் 3.4 சதவீதம்தான், ஆனால் எல்லாத் தலைப்பிலும் ‘சர்ஜ்’ இருந்தது. மறுநாள் வாக்கு எண்ணிக்கை. 4,300 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. அந்தத் தலைப்புகளில் இந்தச் சொல் இல்லை, இருக்கவும் முடியாது. ‘சர்ஜ்’ கீழ்நோக்கிப் போகாது. விழுவதற்கு ‘பிளஞ்ச்’, ‘ஸ்லம்ப்’, ‘க்ராஷ்’ என்று தனி வரிசையே இருக்கிறது.

நான்காம் படி: வாக்கியத்தில் உட்கார வையுங்கள்

பெயராகவும் வரும், வினையாகவும் வரும். பெயராக வரும்போது பின்னால் எந்த இடைச்சொல் வருகிறது என்பதில் கவனம் வேண்டும். எண்ணிப் பார்க்கக்கூடிய அளவு ஒன்று கூடினால் ‘இன்’: ‘எ சர்ஜ் இன் பிரைசஸ்’, ‘எ சர்ஜ் இன் டிமாண்ட்’. ஏறி வருவதே அந்தப் பொருள்தான் என்றால் ‘ஆஃப்’: ‘எ சர்ஜ் ஆஃப் ஆங்கர்’ என்றால் பொங்கி வந்த கோபம், ‘எ சர்ஜ் ஆஃப் வாட்டர்’ என்றால் பாய்ந்து வந்த நீர். விலைக்குள் ஏற்றம் நிகழ்கிறது, கோபமோ தானே ஏற்றமாக வருகிறது. இந்த வேறுபாடு பிடிபட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வினையாக வரும்போது ‘டு’, ‘பை’ என்ற இரண்டும் ஆளைக் கவிழ்க்கும். 40 ரூபாய் விற்ற பொருள் ‘சர்ஜ்ட் டு 100’ என்றால் 100 ரூபாயாக உயர்ந்தது. ‘சர்ஜ்ட் பை 100’ என்றால் 100 ரூபாய் உயர்ந்து 140 ஆனது. தமிழில் ‘ஆக’ என்ற ஒரே ஓர் உருபு இந்த வேலையைச் செய்கிறது. ‘100 ரூபாய் உயர்ந்தது’, ‘100 ரூபாயாக உயர்ந்தது’. அவசரத்தில் அந்த உருபை விழுங்கிவிட்டு மறுநாள் திருத்தம் போட்டவர்கள் எங்கள் மேசையில் ஒன்றிரண்டு பேர் அல்ல.

அடுத்து, இது செயப்படுபொருள் ஏற்காத வினை. விலை ‘சர்ஜ்’ ஆகும். அரசோ நிறுவனமோ விலையை ‘சர்ஜ்’ செய்ய முடியாது, ‘ரெய்ஸ்’ செய்யலாம். ராணுவ, நிர்வாக வட்டாரங்களில் படைகளையும் ஆட்களையும் ‘சர்ஜ்’ செய்வதாகச் சொல்லும் வழக்கு உண்டு. அது அவர்களோடே இருக்கட்டும், தேர்வுத் தாளில் வேண்டாம். ‘மெல்ல மெல்ல’ என்று பொருள்படும் ‘கிராஜுவலி’யை இதனோடு சேர்ப்பது, அடைமழை தூறியது என்பது போல. ‘சர்ஜ்ட் அப்’ என்று விலைக்கு எழுதுவதும் மிகை, ஏற்றம் ஏற்கனவே உள்ளே இருக்கிறது. நெஞ்சில் பொங்கும் உணர்ச்சிக்கு மட்டும் ‘அப்’ சேர்ந்து வரும்.

கூட்டத்துக்கு வரும்போது சொல்லுக்குப் பழைய கடல் பொருள் அப்படியே திரும்பிவிடும். ‘தி க்ரௌட் சர்ஜ்ட் ஃபார்வர்ட்’ என்றால் யாரோ ஒருவர் முன்னால் ஓடவில்லை. பின்னால் இருக்கும் எடை முன்னால் இருப்பவர்களைத் தள்ளுகிறது, தள்ளப்படுபவருக்கு அதில் விருப்பமும் இல்லை, தடுக்க வழியும் இல்லை. 2022 அக்டோபர் 29 அன்று சியோலின் இடேவான் பகுதியில் ஒரு குறுகிய சரிவுச் சந்தில் 159 உயிர்கள் போனது அப்படித்தான். ஓட இடமே இல்லாத கூட்டம் அது. தமிழில் ‘நெரிசல்’ என்ற சொல் இங்கே ஆங்கிலத்தைவிடச் சரியாக உட்காருகிறது.

ஐந்தாம் படி: துறை மாறினால் பொருள் மாறுவதைக் கவனியுங்கள்

மின்சாரத்தில் ‘சர்ஜ்’ என்றால் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்குக்கு மட்டும் மின்னழுத்தம் எக்கச்சக்கமாக ஏறுவது. மின்னல் இறங்கும்போது, பெரிய மோட்டார் நிற்கும்போது இது நடக்கும். வீட்டில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. ஸ்டெபிலைசர் மெதுவாக ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சமன் செய்யும், இந்த வேகத்தைப் பிடிக்க அதனால் முடியாது. பிடிப்பது, ‘சர்ஜ் புரொடெக்டர்’ என்ற தடுப்புக் கருவிக்குள் இருக்கும் வேரிஸ்டர் என்ற சின்ன வில்லை. ஒவ்வொரு அடியையும் தாங்கித் தாங்கித் தேய்ந்தும் போகும். கடைகளில் இதை ‘ஸ்பைக் பஸ்டர்’ என்று கேட்கிறோம். ‘ஸ்பைக்’, ‘சர்ஜ்’ வேறுபாடெல்லாம் அங்கே எடுபடாது. அந்தப் பெயரில் வெறும் எக்ஸ்டென்ஷன் பலகையையும் தலையில் கட்டுவார்கள். எத்தனை ஜூல் தாங்கும் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

‘சர்ஜ் பிரைசிங்’ என்பதில் பலரும் தவறவிடும் ஒன்று: ஏறுவது முதலில் விலை அல்ல, தேவை. மழை பெய்கிறது, எல்லாரும் ஒரே நேரத்தில் வண்டி தேடுகிறார்கள், அந்த ஏற்றத்தைக் காரணம் காட்டிக் கட்டணம் 1.5 மடங்கு, 1.8 மடங்கு என்று பெருக்கப்படுகிறது. 2020இல் மத்திய அரசின் வழிகாட்டுதல் அடிப்படைக் கட்டணத்தின் 1.5 மடங்கை உச்சவரம்பாக வைத்தது. 2025 ஜூலையில் வந்த புதிய வழிகாட்டுதல் அதை 2 மடங்காக்கியது. ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் 2016 செப்டம்பரில் வந்த முறையும் இதே ரகம்தான். 10 சதவீத இருக்கைகள் விற்றுத் தீரும்போதெல்லாம் கட்டணம் 10 சதவீதம் ஏறியது, அப்போது உச்சம் 1.5 மடங்கு. ரயில்வே அதற்கு ‘ஃப்ளெக்சி ஃபேர்’ என்று பெயர் வைத்தது, பத்திரிகைகள் ‘சர்ஜ் பிரைசிங்’ என்றன. விற்பவருக்கு நெகிழ்வாகத் தெரிவது வாங்குபவருக்கு வெள்ளமாகத் தெரிகிறது.

பெயர் வைப்பதில் உள்ள அரசியலுக்கு இதைவிடப் பெரிய சாட்சி 2007 ஜனவரியில் கிடைத்தது. இராக்குக்கு மேலும் 20,000க்கு மேற்பட்ட வீரர்களை அனுப்புவதாக அமெரிக்க அதிபர் புஷ் அறிவித்தார். ஆதரவாளர்கள் அதை ‘சர்ஜ்’ என்றார்கள். எதிர்த்தவர்கள் ‘எஸ்கலேஷன்’ என்றார்கள். செனட் குழுவின் முன் நின்ற வெளியுறவு அமைச்சர் காண்டலீசா ரைஸ், ‘எஸ்கலேஷன்’ என்ற சொல்லை ஏற்காமல் ‘ஆக்மென்டேஷன்’ என்று மூன்றாவது ஒன்றை எடுத்தார். அனுப்பப்பட்ட வீரர்கள் அதே வீரர்கள். ஆனால் ‘எஸ்கலேட்’ என்ற சொல் நகரும் படிக்கட்டான ‘எஸ்கலேட்டர்’ என்ற பெயரிலிருந்து பிறந்தது, ஒரு படிக்கு அடுத்த படி, முடிவே இல்லாமல். ‘ஆக்மென்டேஷன்’ கணக்காளரின் சொல், வெறும் கூடுதல். ‘சர்ஜ்’ கடலின் சொல். ஏறியது வடிந்துவிடும் என்ற வாக்குறுதி அதற்குள் சொல்லாமலே இருக்கிறது. அந்தக் கூடுதல் படை 2008 கோடையில் திரும்பிவிட்டது, போர் அதற்குப் பிறகும் ஓடியது.

மருத்துவமனைகளில் ‘சர்ஜ் கெபாசிட்டி’ என்றொரு தொடர் உண்டு. நோயாளிகள் திடீரென்று குவிந்தால் எத்தனை படுக்கை, எத்தனை செவிலியர், எவ்வளவு ஆக்சிஜனைக் கூடுதலாகத் திரட்ட முடியும் என்பதன் அளவு. 2021 ஏப்ரல், மே மாதங்களில் நாட்டின் அன்றாடக் கொரோனாத் தொற்று 4 லட்சத்தைத் தாண்டியபோது அந்தத் தொடரின் பொருள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

ஆறாம் படி: தமிழில் எதைப் போடுவது?

ஒரே சொல்லைத் தேடாதீர்கள், கிடைக்காது. பலர் முதலில் கை வைப்பது ‘எழுச்சி’. வேர்ப் பொருளில் அது சரி. ஆனால் தமிழில் எழுச்சி என்றால் மக்கள் எழுச்சி, விழிப்பு, மாநாட்டுப் பந்தல் எல்லாம் கூடவே வந்துவிடும். ‘கொரோனா எழுச்சி’ என்று ஒருமுறை எழுதி வந்ததைப் படித்தபோது கிருமிக்குக் கட்சிக்கொடி கொடுத்தது போல இருந்தது. ‘ஏறுமுகம்’ மெதுவானது. ‘அதிகரித்துள்ளது’ எதையும் சொல்லாத சொல்.

வினையோடு ஓர் ஒலிக்குறிப்பைச் சேர்ப்பது தமிழின் வழி. விலை கிடுகிடுவென உயர்ந்தது, பங்கு மளமளவென ஏறியது. தலைப்புக்கு ‘எகிறியது’ போதும். கோபம், கண்ணீர், பாசம் என்றால் பொங்கியது. குழாய் உடைந்தால் பீறிட்டது. ஆற்று நீருக்குப் ‘பெருக்கு’ இருக்கவே இருக்கிறது, ஆடிப்பெருக்கு கொண்டாடுகிற நமக்கு அதை யாரும் விளக்க வேண்டாம். மின்சாரத்துக்கு ‘மின்னழுத்தப் பாய்ச்சல்’ என்று எழுதலாம். வாடகை வண்டிக்கு ‘நெரிசல் நேரக் கட்டணம்’ என்பது எல்லாருக்கும் புரிகிறது. கூட்டத்துக்கு ‘அலைமோதியது’ என்று பழக்கத்தில் எழுதிவிடுவோம், ஆனால் அது அங்குமிங்கும் ததும்பும் கூட்டம். முன்னோக்கித் தள்ளியது என்றால் ‘முண்டியடித்தது’ என்றே எழுத வேண்டும்.

கடைசிப் படி: கடலில் மட்டும் தவறக் கூடாது

விலையில் தவறினால் திருத்தம் போடலாம். கடலில் அப்படியில்லை. புயல் காற்று கடல்நீரைக் கரையை நோக்கித் தள்ளிக்கொண்டே வருகிறது. புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், ஒவ்வொரு மில்லிபார் குறைவுக்கும் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் உப்பி எழுகிறது. கரையோரம் ஆழம் குறைவாக இருந்தால் தள்ளப்பட்ட நீருக்குப் போக இடமில்லை, நிலத்தின் மேல் ஏறுகிறது. அந்த மட்டத்துக்கு மேலேதான் அலைகள் தனியாக வந்து மோதுகின்றன. கடல் ஏற்ற நேரத்தில் இது நடந்தால் அந்த உயரமும் சேர்ந்துகொள்ளும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் பாம்பன் பயணிகள் ரயிலை நூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களோடு இழுத்துக்கொண்டதும், 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவி சீமையில் கிராமம் கிராமமாக மூழ்கடித்ததும் இதுதான். நிலநடுக்கத்தில் பிறக்கும் சுனாமி வேறு.

சொல் புரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு பிலிப்பைன்ஸ் ஒரு பாடம் வைத்திருக்கிறது. 2013 நவம்பர் 8 அன்று ஹையான் புயல் டாக்லோபன் நகரைத் தாக்கியது. எச்சரிக்கை முன்கூட்டியே வந்தது, ‘ஸ்டார்ம் சர்ஜ்’ என்ற தொடர் அதில் இருந்தது. புயலுக்குப் பழகிய அந்த மக்கள் காற்றையும் மழையையும் எதிர்பார்த்து வீட்டுக்குள் இருந்தார்கள். கடலே ஊருக்குள் வந்தது. அந்தப் புயலில் இறந்தவர்கள் 6,000க்கும் மேல். ‘சுனாமி போல வரும் என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்’ என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். பின்னர் அந்நாட்டு வானிலை மையம் ‘டலூயோங்’ என்ற தங்கள் மொழிச் சொல்லை எச்சரிக்கைகளில் கொண்டுவந்தது.

நம் தென்கரையில் இன்னொரு வகையும் உண்டு. காற்றில்லை, புயலில்லை, வானம் தெளிவாக இருக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழுந்த நீள அலைகள் வந்து கரையைத் திடீரென்று நனைத்துவிட்டுப் போகும். ஆங்கிலத்தில் ‘ஸ்வெல் சர்ஜ்’. கேரள மீனவர்கள் சூட்டிய ‘கள்ளக்கடல்’ என்ற பெயரையே கடல்சார் தகவல் மையமும் எச்சரிக்கைகளில் எடுத்துக்கொண்டது, கன்னியாகுமரி மாவட்டத்திலும் அதுவே வழங்குகிறது. திருடனைப் போல ஓசையில்லாமல் வரும் கடல். பெயரைக் கேட்ட மாத்திரத்தில் கால் பின்னால் போகும்.

எங்கள் மேசையில் இப்போது ‘ஸ்டார்ம் சர்ஜ்’ வந்தால் யாரும் அலை என்று எழுதுவதில்லை. அந்தப் பெரியவரின் வினையையே எடுத்துக்கொண்டுவிட்டோம்: ‘கடல்நீர் வழக்கமான மட்டத்தைவிட ஒரு மீட்டர் உயர்ந்து தாழ்வான பகுதிகளுக்குள் ஏறி நிற்கும்; அலைகள் அதற்கும் மேலே எழும்பும்.’ தலைப்புக்கு நீளம்தான். பக்க வடிவமைப்பாளர் ஒவ்வொரு புயலுக்கும் முகம் சுளிக்கிறார்.